வீடு பார்க்க வருகிறார்கள்

ஹட்டன்
9.2.2003

அன்புள்ள தம்பி ஜீவராஜுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை. நீயும் கௌசியும் பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே விடியற்காலையில் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. உங்கள் ஊர்க் குளிரைப் பற்றி நீ எழுதுவதைப் படித்த பிறகு இதைக் குளிர் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரமும் வீடு பார்க்க வந்தார்கள். நுவரெலியாவில் வங்கி மேனேஜராக இருக்கிற ஒருவரும் அவர் மனைவியும். அப்பாவின் கடைசிக் காலத்துக்காக நீ பணம் அனுப்பிச் செய்வித்த புதுத் தரை, சுடுதண்ணீர்க் குளியலறை, மேல்மாடியில் வைத்த பெரிய ஜன்னல்கள் எல்லாவற்றையும் காட்டினேன். குளியலறையைப் பார்த்து அந்த அம்மா தலையாட்டினார். முன்னறைக்குத் திரும்பி வந்ததும் முகம் மாறிவிட்டது. இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற காலம் அல்லவா. என் மெஷினும் வெட்டின துணியும் அங்கேதான் பரந்து கிடந்தன. சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. இதற்கு முன் வந்தவர்களும் இப்படித்தான்.

உன் சார்பில் விற்பனையைப் பார்க்கிற லாயர் பாலச்சந்திரன், விலையைக் குறைக்கச் சொல்லி உனக்கு எழுதப்போகிறாராம்.

அடுத்த மாதம் அப்பாவின் வருஷத் திவசம். ஐயருக்குச் சொல்லிவிட்டேன். இத்தனை பெரிய வீட்டில் நீங்கள் தனியாக இருப்பது சரியில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மாத்தளையிலிருந்து பிரியந்தினியும் வந்துவிடுங்கள் அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீடு அப்பா உன் பேரில் எழுதியது. உனக்கு எது சரியோ அதுதான் எனக்கும்.

பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்டதாக நினைத்து முடிக்கிறேன்.

அக்கா
மனோரஞ்சிதம்


டொரண்டோ
2.3.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் எல்லோருக்கும் சளி வந்து போய்விட்டது. மற்றபடி சுகம். அப்பா போன பிறகு வீட்டு ஃபோனை வெட்டிவிட்டீர்கள். உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. திவசத்துக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் லீவு கேட்கக்கூடிய நேரம் இது இல்லை.

ஒரு விஷயம். கௌசி இப்போது வீடு விற்பனை செய்கிற ஒரு ஆபீசில் பகுதிநேரமாகப் போகிறாள். இங்கே ஒரு வீட்டை விற்பதற்கு முன் அதற்கென்றே தொழில் செய்கிற ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். ஸ்டேஜிங் என்று பேர். அவர் வந்து வீட்டுக்காரர்களின் சாமான்களை ஒதுக்கிவிட்டு, தன்னுடைய கதிரை, திரைச்சீலை, விளக்கு, கட்டில் விரிப்பு எல்லாம் கொண்டுவந்து வைப்பார். வீடு புதுசாகக் குடிபோகத் தயாராக இருக்கிறமாதிரி ஆகிவிடும். விற்றதும் தன் சாமானை எடுத்துப் போய்விடுவார்.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கௌசி ஒரு வீட்டின் இரண்டு படங்களைக் காட்டினாள், அலங்கரிப்பதற்கு முன்னும் பின்னும். ஒரே வீடு என்று நம்ப முடியவில்லை. அவளோடு யாழ்ப்பாணத்தில் படித்த ஒருத்தியின் தங்கை கேதீஸ்வரி என்று, நுவரெலியாவில் ஹோட்டல் அறைகளை ஒழுங்குபண்ணுகிற வேலை செய்தவள். யுத்தம் நின்று சமாதானம் வந்த பிறகு வெளிநாட்டு ஆட்கள் வீடு வாங்க வருவதால் இப்போது இதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறாளாம்.

கூப்பிடலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஜீவராஜ்


ஹட்டன்
23.3.2003

அன்புள்ள தம்பிக்கு,

திவசம் நல்லபடியாக முடிந்தது. பிரியந்தினியும் மருமகனும் வந்து அன்று பின்னேரமே திரும்பிவிட்டார்கள். அவருக்கு வேலை. உங்கள் சளி முழுதாக விட்டதா? இருமல் இருந்தால் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், அங்கே கிடைக்குமென்று கௌசி எழுதியிருந்தாள்.

நீ கேட்டதை யோசித்தேன். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, தரை போட்டாயிற்று. கதிரையை நகர்த்தி வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா? விற்ற பிறகு சாமானை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறாய். அப்படியானால் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குகிறார்? மறுநாள் வந்து கதவைத் திறந்தால் வெறும் வீடுதானே.

லாயரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “விலையைக் குறைச்சால் நாளைக்கே போகும், தங்கச்சி. பூச்சாடி வைக்கிறதுக்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை” என்றார். ஆனால் விலையைக் குறைக்க உனக்கு மனமில்லை என்றும் அவரே சொன்னார்.

அவசரம் இல்லையென்றால் மழைக்காலம் முடியட்டும். மழையில் யார் மலை ஏறி வந்து வீடு பார்க்கப்போகிறார்கள்? புரட்டாசி, ஐப்பசி வரைக்கும் பொறுத்தாலும் வீடு எங்கேயும் ஓடிவிடாது. இருந்தாலும் உன் இஷ்டம். எனக்காக எதையும் தள்ளிப்போடாதே.

கோபிசங்கருக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாயா?

அன்புடன்
அக்கா


டொரண்டோ
13.4.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது சித்திரைப் பிறப்பு போய்விட்டிருக்கும். ஆனாலும் வாழ்த்து. இங்கே இன்றைக்கும் பனி கொட்டுகிறது. கோபி தன் பேரைத் தமிழில் எழுதுகிறான், ‘சங்கர்’ மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வருகிறது.

கேதீஸ்வரியோடு ஃபோனில் பேசி ஒழுங்கு செய்துவிட்டேன். மே மாதம் வருவாள். நீங்கள் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் விலையைக் குறைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை. அது அப்பா புடவைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கட்டிய வீடு. யாரோ ஒருவர் மூக்கைச் சுளித்தார் என்பதற்காக அதை மலிவாகக் கொடுப்பதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் இன்னும் ஒருவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் இருக்கிறோம். ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் வெளியே போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். இதை உங்களுக்கு இதுவரை எழுதியதில்லை. இப்போதும் குறையாக எழுதவில்லை.

விற்றால் பாதி உங்களுக்கு. அதில் பேச்சே இல்லை. பிரியந்தினிக்குப் பக்கத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். காலையில் எழுந்து தனியாகத் தேத்தண்ணி குடிக்கிற வாழ்க்கை போதும் அக்கா.

கௌசி சுகம் கேட்கச் சொன்னாள். முழங்கால் வலி எப்படி?

தம்பி
ஜீவராஜ்


ஹட்டன்
25.5.2003

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் மழைக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. தைலம் போட்டால் விட்டுவிடும். நீங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று படித்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை? வீடு சீக்கிரம் விற்கத்தான் வேண்டும். மழைக்காலம், ஐப்பசி என்று நான் எழுதியதை மறந்துவிடு.

கேதீஸ்வரி வந்தாள். முப்பது வயது இருக்கும். களைப்பில்லாத பெண். லொறியில் சாமான் வர முன்னமே தான் பஸ்ஸில் வந்து ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வாசலில் நின்று பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கூடப் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எதெல்லாம் போகவேண்டுமென்று சொன்னாள். அப்பாவின் மேசை, மூன்று அலுமாரிகள், அம்மாவும் அப்பாவும் நிற்கிற பெரிய படம், உன்னுடைய பள்ளிக்கூடக் கேடயங்கள், கடைக் காலண்டர்கள், சுவாமிப் படங்களில் ஒன்றைத் தவிர மற்றவை. எல்லாம் பின்பக்கத்து விறகு அறைக்குப் போய்விட்டன. தையல் மெஷினும்தான்.

நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், எங்க குடும்பம் இருந்த வீடுன்னு தெரிஞ்சா விலை குறையுமா என்று. அவள் கோபப்படவில்லை.

“அக்கா, வாறவை இஞ்ச தங்களைத்தான் காணோணும். உங்களைக் கண்டால் ஆரோ ஒராளின்ர வீட்டுக்கு விருந்துக்கு வந்தமாதிரி இருந்திட்டுப் போயிடுவினம்” என்றாள்.

“அப்ப நான் எங்க இருக்கிறது?”

“பின்னுக்கு அந்தச் சின்ன அறை இருக்குத்தானே. ஆட்கள் வாற நாளிலை மட்டும்.”

ஆனால் முன்பக்கத்துக் கட்டிலின் வெள்ளை விரிப்பைக் கசக்கப் பயமாக இருக்கிறது. அதனால் தினமும் சின்ன அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். அது அடுப்புக்குப் பக்கம், கதகதப்பாக இருக்கிறது. கவலைப்படாதே.

ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. வேலை முடிந்து அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேல்மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளும் நடுவில் ஒரு சின்ன மேசையும் போட்டிருந்தாள். அங்கே உட்கார்ந்தால் எதிர்மலைத் தேயிலையும் ரயில் வளைந்து போகிற இடமும் தெரிகிறது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், அந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே எப்போதும் துணிமூட்டைதான் இருந்தது.

படங்கள் எடுத்திருக்கிறாள். உனக்கு அனுப்புவாள்.

அன்புடன்
அக்கா


டொரண்டோ
22.6.2003

அன்பான மச்சாளுக்கு,

கௌசி எழுதுகிறேன். எப்போதும் இவருடைய கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தப்பிவிடுகிறவள், இந்தமுறை தனியாக எழுதுகிறேன். முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ஆள் கிடைத்தால் அனுப்புவேன்.

கேதீஸ்வரி அனுப்பிய படங்கள் வந்தன. நான்தான் இந்த யோசனையைச் சொன்னவள். வீடு அழகாக இருக்கிறதென்று எனக்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அதன் பிறகு இவர் சரியாக இல்லை. வேலையால் வந்ததும் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேல்மாடி ஜன்னல் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். கோபி அதைப் பார்த்துவிட்டு எப்போது அங்கே போவோம் என்று கேட்டான். இவர் எழும்பிப் போய்விட்டார்.

நேற்று, “அக்காவின்ட படம் ஒண்டிலயும் இல்லை” என்றார். என்னோடு இருந்து இருந்து இவருக்கும் எங்கள் பேச்சு வந்துவிட்டது. நான் எல்லாப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். உண்மைதான். உங்களுடைய ஒரு செருப்புக்கூட இல்லை.

மச்சாள், உங்களிடம் ஒன்று நேராகக் கேட்கிறேன். இவர் கேட்கமாட்டார். நீங்கள் மகளோடு போய் இருக்க ஆசைப்படுகிறீர்கள், தனக்காகத்தான் வீட்டைக் காவல்காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறார். உங்களுக்கு இந்த வீட்டை விற்க விருப்பமா? விருப்பமில்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் இந்த அறையில் இன்னும் சில வருஷம் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்பு மச்சாள்
கௌசி


ஹட்டன்
10.8.2003

அன்புள்ள கௌசிக்கு,

இவ்வளவு பிந்திப் பதில் எழுதுவதற்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழும்பினேன். உறைக்கு நன்றி, அதற்காகச் செலவு செய்யாதே. பிள்ளைகளுக்கு விடுமுறை என்று நினைக்கிறேன். வெயிலில் விளையாட விடுகிறீர்களா?

நீ கேட்டதற்கு நன்றி அம்மா. இந்த வீட்டைப் பற்றி என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

வீடு விற்பதுதான் எல்லோருக்கும் நல்லது. வளர்கிற பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும். நான் ஒருத்தி, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். மாத்தளை வெயில் முழங்காலுக்கும் நல்லது என்கிறார்கள். அதனால் நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து பார்த்தார்கள். அந்த அம்மா பேர் சிவனேஸ்வரி. என் வயதுதான் இருக்கும், இனிமையாகப் பேசுகிறவர். கேதீஸ்வரி அவர்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனாள். நான் தேத்தண்ணி கொண்டு மேலே போனேன். அந்த அம்மா ஜன்னல் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார், எழும்ப மனமில்லாமல். கோப்பையை வாங்கிக்கொண்டு என்னிடம், “கனகாலமா இஞ்ச வேலை செய்யிறீங்களோ?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன்பு கேதீஸ்வரி, “ஓம் மிஸிஸ், வீட்டைப் பாத்துக்கொள்ளுறது இவாதான்” என்றாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது பொய்யில்லைதானே. அவர்கள் போன பிறகு கேதீஸ்வரி என் கையைப் பிடித்து, சட்டென்று வாயில் வந்துவிட்டது, வீட்டுக்காரர் நிற்கிறார் என்றால் வருகிறவர்கள் மனம் விட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லி அழுகிறமாதிரி ஆகிவிட்டாள். அவளைத் தேற்றி அனுப்பினேன். தேத்தண்ணி நன்றாக இருந்ததென்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னாள்.

இதைத் தம்பியிடம் சொல்லாதே. அவன் சின்ன வயதிலிருந்தே இப்படிப்பட்டதைத் தாங்கமாட்டான். எனக்குச் சத்தியம் செய்ததாக நினைத்துக்கொள்.

அன்புடன்
மச்சாள் மனோரஞ்சிதம்


டொரண்டோ
31.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

லாயர் பாலச்சந்திரன் ஃபோன் எடுத்தார். கொழும்புக் குடும்பம் நாம் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டுவிட்டது. கேதீஸ்வரி போட்ட சாமான்களையும் அப்படியே விலைக்குக் கேட்கிறார்களாம். ஒரு கதிரையைக்கூட நகர்த்த வேண்டாம் என்றார்களாம். மறுநாள் வெறும் வீடுதானே என்று நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

அக்கா, ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. படங்களைப் பார்த்த நாளிலிருந்து விற்பனையை நிறுத்திவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். நான் இங்கே வரும்போது அது இருண்ட வீடு. அப்பா கணக்குப் பார்க்கிற மேசை, மூட்டை, அலுமாரி. அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றுதான் எனக்கு அப்போது அவசரம். இப்போது அந்த ஜன்னலைப் பார்க்கும்போது, வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு வந்து அங்கே இருக்கலாமே, நீங்கள் இருப்பீர்களே என்று தோன்றியது. கௌசியிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு யோசித்தேன். எனக்கு ஒரு படத்தைப் பார்த்து வந்த ஆசைக்காக, நீங்கள் மகளிடம் போகாமல் அந்தக் குளிரில் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா? நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். நீங்கள் எழுதவில்லை. கௌசியும், அக்காவுக்கு மாத்தளைக்குப் போவதுதான் விருப்பமாம் என்றாள். அதனால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்ட பத்திரங்களை இன்று லாயருக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். மாத்தளை முகவரியை எழுதி அனுப்புங்கள்.

தம்பி
ஜீவராஜ்


ஹட்டன்
12.10.2003

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். மழை விடவில்லை. பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கிவிட்டாயா?

வீட்டை ஒப்படைத்தாயிற்று. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். என் பங்கு பாங்கில் போட்டிருப்பதாக லாயர் சொன்னார். நீ சொன்ன சொல் தவறவில்லை. கடவுள் உனக்கு ஒரு நல்ல வீடு தரட்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன்.

இப்போதைக்கு ஹட்டன் முகவரிக்கே எழுது. தபால்காரர் தெரிந்தவர். எனக்குக் கிடைத்துவிடும்.

அக்கா


டொரண்டோ
15.2.2004

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டுத் தொடங்க முடியவில்லை. நவம்பரிலும் பொங்கலுக்கும் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. போன ஞாயிறு பிரியந்தினியின் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடிப்பிடித்து அவளோடு பேசினேன். “அம்மா எங்ககிட்ட எப்ப வந்தாங்க மாமா? ஹட்டன்லதானே இருக்காங்க, தீபாவளிக்கு மட்டும் வந்துட்டுப் போனாங்க” என்றாள். வந்து இருக்கச் சொல்லி நீ கூப்பிடவில்லையா என்று கேட்டேன். “நாங்களே ரெண்டு அறையில மாமியார், மாமனாரோட இருக்கோம்” என்றாள்.

அன்று இரவு கௌசி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தேத்தண்ணி கொண்டுபோனது, அந்த அம்மா கேட்டது. உங்களுக்குக் கொடுத்த சத்தியத்துக்காக இவ்வளவு நாளும் மறைத்தாளாம். அவளோடு சில நாள் பேசாமல் இருந்தேன். பிறகு அவள்மேல் என்ன பிழை என்று தோன்றியது. அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை.

எங்கே இருக்கிறீர்கள்? யாரோடு இருக்கிறீர்கள்? எந்த இடத்தில் படுக்கிறீர்கள்?

ஜூலையில் வர டிக்கெட் போட்டுவிட்டேன், நால்வருக்கும். இங்கே வீடு வாங்கவில்லை, வாங்க மனம் வரவில்லை. பணம் அப்படியே இருக்கிறது. நான் வந்து அந்தக் கொழும்பு ஆட்களோடு பேசுகிறேன். காலைப் பிடித்தாவது வீட்டைத் திரும்பக் கேட்கிறேன். ஏன் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஜீவராஜ்


ஹட்டன்
14.3.2004

அன்புள்ள தம்பிக்கு,

என்னைப் பற்றிக் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், நல்ல இடத்தில் படுக்கிறேன். கௌசியை ஒன்றும் சொல்லாதே. அவளைக் கட்டிப்போட்டது நான்.

நம் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஒப்படைத்த அன்று காலையில் நான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன். மாத்தளைக்கு இல்லை. பிரியந்தினி கூப்பிடுகிறாள் என்று எழுதியது நான்தான், அவள் கூப்பிட்டதே இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு வீட்டில் அறை கேட்டு வைத்திருந்தேன். சிவனேஸ்வரி அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார்.

“நாங்கள் சீசனுக்குத்தான் வருவம். மற்ற நேரம் வீட்டைப் பாக்க ஆள் வேணும். நீங்கள் போகாமல் இஞ்சயே இருக்கேலாதோ?” என்று கேட்டார்.

அதுதான் தம்பி. இந்த வீட்டில் இரு என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டார்.

“சரிங்க, இருக்கேன்” என்றேன். வேறொன்றும் யோசிக்கவில்லை. லாயருக்கு விஷயம் தெரிந்து வந்து, “தங்கச்சி, இது சரியில்லை. நான் அவையளிட்ட ஒரு சொல்லுச் சொல்லுறன்” என்றார். சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. பாங்கில் இருக்கிற பணத்துக்கு ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்று அவரே முதலில் சொல்லியிருந்தார். இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மையில்லை. கௌசி கேட்டாளே, அவளுக்கு என்ன எழுதினேன்? விற்க வேண்டாம், இது எனக்கு வேண்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவிடமும் எனக்கென்று ஒன்றும் கேட்டுப் பழகவில்லை. நீயாகத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்பாய் என்று காத்திருந்தேன். நீயும் அதையே என்னிடம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாய் என்று உன் ஆகஸ்ட் கடிதத்தில்தான் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத முடியாமல் போனது. உன் மேல் கோபம் இல்லை.

வீட்டைத் திரும்பக் கேட்காதே. கொடுக்கமாட்டார்கள். போன மார்கழியிலிருந்து கொழும்பிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு அறைகளை நாள்வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் ஒரு பலகையும் மாட்டியாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். தேத்தண்ணி கேட்பார்கள், ரயில் எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்பார்கள். யாரும் இல்லாத நாளில் மேலே போய் அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சிவனேஸ்வரி அம்மாவுக்கு அது தெரிந்தால்கூட ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் நான் யாரென்று தெரிந்தால் என்னிடம் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குக் கூச்சமாகிவிடும். பிறகு நான் இங்கே இருக்க முடியாது.

நீ வா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. ஜூலையில் மழை இருக்கும், அதனால் வீடு நிறைந்திருக்காது. நீ கொழும்புக்கு ஃபோன் எடுத்து, மற்றவர்களைப்போலவே அறை கேள். லாயர் நம்பர் தருவார். பேரை மட்டும் கௌசியின் பேரில் கொடு. உன் பேர் பத்திரத்தில் இருக்கிறதல்லவா. நான் ஒன்றும் தெரியாதவள்போல வாசலில் வந்து பெட்டிகளை வாங்கிக்கொள்கிறேன். கோபிக்கு என்ன பிடிக்கும் என்று எழுது, சமைத்து வைக்கிறேன்.

சிவனேஸ்வரி அம்மா அப்போது வந்து நின்றாலும் நீ பயப்படாதே. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கவும் வேண்டாம். இங்கே வந்து தங்குகிறவர்கள் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ கூப்பிட்டாலும் வித்தியாசமாகத் தெரியாது.

மனோரஞ்சிதம்